உறையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இலங்கையின் வடக்கில், விசுவமடுவில் வீட்டோடு இருந்து தையல் வேலை செய்கிறேன். மூத்த மகள் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வெளிநாட்டில் இருந்து எங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் உறவுகள் உங்கள் பத்திரிகையைப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஓர் அமைப்பு எங்கள் பகுதிப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவி கொடுத்தது. பிள்ளைதான் நேரில் வந்து வாங்க வேண்டும் என்றார்கள். மகள் இரண்டு நாள் விரிவுரையை விட்டுவிட்டு, கொழும்பில் பஸ் மாறி, இரவிரவாக வந்து சேர்ந்தாள். காலை 9 மணிக்கே மண்டபத்தில் இருந்தோம். விருந்தினர் வரும்போது 12 மணி. பிறகு மாலை, பொன்னாடை, பேச்சு. மகளைக் கூப்பிடும்போது 2 மணி தாண்டிவிட்டது. உறையை வாங்கிக்கொண்டு இறங்கப் போனவளைப் படம் எடுத்த தம்பி மறித்தார். "கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ, பேர் தெரியவேணும். சிரியுங்கோ பிள்ளை." மூன்று தரம் எடுத்தார். உறைக்குள் 10,000 ரூபா இருந்தது. போகவர பஸ்ஸுக்கே 4,600 ரூபா முடிந்தது.

அன்று பின்னேரமே படம் முகநூலில் வந்துவிட்டது. பெயர், ஊர், படிக்கும் பீடம் எல்லாம் போட்டு, "தந்தையை இழந்த வறிய மாணவி" என்று எழுதியிருந்தார்கள். 2009இல் என் கணவர் காணாமற்போனபோது அவளுக்கு நான்கு வயது. அவர் இல்லை என்று நான் இன்றுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. மரணச் சான்றிதழும் எடுக்கவில்லை. அவர்களுடைய படிவத்திலும் "காணாமற்போனவர்" என்றுதான் எழுதினேன். படத்துக்குக் கீழே எழுதியவர் அந்தச் சொல்லை மாற்றிவிட்டார். மகள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் விடுதியில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. அடுத்த நாளிலிருந்து தேநீருக்கு அவளைக் காசு கொடுக்க விடவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கன்ரீனுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் மகாபொல புலமைப்பரிசிலை நினைத்துப் பாருங்கள். லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்த காலத்தில், 1981இல் சட்டமாக வந்த நிதியம். அபிவிருத்தி லொத்தர் சீட்டு விற்ற காசிலும் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சீட்டு வாங்கியவருக்கு எந்தப் பிள்ளை படிக்கிறது என்று தெரியாது, பிள்ளைக்கும் யார் கொடுத்தார் என்று தெரியாது. வீட்டு வருமானத்தைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்திக் கொடுத்ததோடு சரி, தெரிவானால் காசு பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மகாபொல கிடைக்காமல் பர்சரி என்ற மற்ற அரச உதவித்தொகையை எடுக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். பக்கத்துக் கட்டிலில் படுப்பவளுக்குக்கூடத் தெரியத் தேவையில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும் பர்சரியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டினார்கள். நல்ல விடயம். ஆனால் அது வருடத்துக்குப் 10 தவணைதான். படிப்புக்குக் கட்டணம் இல்லையென்றாலும் சாப்பாடு, போட்டோகொப்பி, இணையத்துக்கான டேட்டா, விடுதி கிடைக்காத வருடத்தில் போர்டிங் வாடகை என்று எல்லாவற்றுக்கும் அது காணாது. ஜனவரியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் நாட்களில் என்னால் கொஞ்சம் அனுப்ப முடியும். மற்ற மாதங்களில் முடிவதில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் உதவி எங்களுக்குத் தேவை. குளிரிலும் பனியிலும் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது என்றும் தெரியும்.

கணக்குக் கேளுங்கள், அது நியாயம். எங்கள் பெயரைச் சொல்லிக் காசு சேர்த்து ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பதிவுக் கடிதத்தைக் கேளுங்கள், கிராம அலுவலரின் கடிதத்தைக் கேளுங்கள், ஒவ்வொரு அரையாண்டுப் பெறுபேற்றையும் கேளுங்கள். எல்லாவற்றையும் தருகிறோம். காசை மாதாமாதம் கணக்கில் போடுங்கள். ஒரு நாளில் 10,000 தருவதைவிட மாதம் 3,000 வந்தால் பிள்ளை அதை நம்பிச் சாப்பிடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பையனுக்குக் கனடாவில் இருக்கும் ஒருவர் இரண்டு வருடமாக அப்படித்தான் போடுகிறார். அவன் பெறுபேற்றை வட்ஸ்அப்பில் அனுப்புவான். அவர் "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்பாராம். அவர் முகத்தை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை.

இந்த மாதம் வேறோர் அமைப்பிடமிருந்து படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில் "புகைப்படம் வெளியிடச் சம்மதம்" என்று ஒரு வரி இருந்தது. மகளைக் கேட்டேன். அந்த வரியை மட்டும் பேனையால் வெட்டிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கையொப்பம் வைத்து அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

ஒரு தாய்,
விசுவமடு.