பிரிண்ட் முடிந்த அன்றே பாகத்தை ஏன் தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "பிரிண்ட் முடிந்துவிட்டது என்கிறீர்கள், அப்புறம் ஏன் பாகம் வரவில்லை?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

உலோக 3D பிரிண்டிங்கில் அலுமினியத் தூளை லேசரால் உருக்கி, ஒரு தடித்த அடித்தட்டின் மேல் அடுக்கடுக்காகப் பாகத்தை வளர்க்கிறோம். ஓர் அடுக்கு 30 மைக்ரான் தடிமன்தான். உருகியது கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடும். ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும். கீழே ஏற்கெனவே இறுகிவிட்ட அடுக்குகள் விடாது. அந்த இழுபறி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இதுதான் எஞ்சிய தகைவு. பொதுவாக மேற்பரப்பை ஒட்டி இழுவிசையாகவும், உள்ளே அமுக்கவிசையாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

அந்த அடித்தட்டில் ஒட்டியிருக்கும்வரை பாகம் நேராகவே நிற்கும். வெட்டி எடுத்ததும் ஓரங்கள் மேல்நோக்கி வளையும். அவசரம் என்பதற்காக ஒரு முறை நீளமான மெல்லிய பாகத்தை அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டோம். துளைகள் ஒன்றோடொன்று நேராகவில்லை. முழுதாக மறுபடி செய்தோம். அதன்பிறகு, தட்டோடு சேர்த்து உலையில் வைக்காமல் எதையும் வெட்டுவதில்லை.

சுமார் 10 சதவீதம் சிலிக்கனும் சிறிது மெக்னீசியமும் கலந்த அலுமினியத்துக்கு 300 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் என்பது பழகிய முறை. தகைவு பெருமளவு தளர்ந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. வேகமாக உறைந்ததால் உண்டான நுண்ணிய சிலிக்கன் வலைதான் பாகத்துக்கு வலிமை தருகிறது. உலைச் சூட்டில் அந்த வலை உடைந்து துகள்களாகிவிடும். வலிமை இறங்கும், நீளும் தன்மை கூடும். எனவே பிரிண்ட் ஆன நிலையின் வலிமை எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வெப்பத்தைக் குறைத்தால் வலிமை மிஞ்சும், தகைவும் கொஞ்சம் மிஞ்சும். எது முக்கியம் என்பதை உங்கள் பாகம் சுமக்கும் சுமைதான் தீர்மானிக்க வேண்டும்.

"அச்சிடும்போதே தட்டைச் சூடாக்கலாமே?" என்றும் கேட்கிறார்கள். செய்கிறோம், தகைவு குறையும். ஆனால் பல மணி நேரம் ஓடும் வேலையில், அடிப்பகுதி நெடுநேரம் சூட்டிலேயே கிடக்கும். மேல்பகுதிக்கும் அதற்கும் வலிமை வேறாகிவிடும்.

டி6 பதப்படுத்தல் (அதிகச் சூட்டில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் வைத்து வலிமையேற்றும் முறை) கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் சட்டென்று குளிர்விக்கும்போது புதிதாகத் தகைவு சேரும், மெல்லிய சுவர்கள் கோணலாகலாம்.

வரைபடம் அனுப்பும்போது எந்தப் பரப்புகளைக் கடைசியில் மெஷினிங் செய்யப்போகிறீர்கள் என்று குறித்து, அங்கே கூடுதல் தடிமன் விட்டுவிடுங்கள். உலையிலிருந்து வந்த பிறகே கடைசல் வேலை.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்