தரவு வெளியே வரும் வழியையும் தரநிலை சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று இணைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மென்பொருளை வாங்குவது என்பதைப் பற்றி அது விரிவாகப் பேசியது. உள்ளே போட்ட தரவை நாளை எந்த வடிவத்தில் திரும்பப் பெறுவது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1990களில் பொருள்நோக்குத் தரவுத்தளங்களோடு, அதாவது தரவை அட்டவணைகளாக அல்லாமல் ஒன்றையொன்று சுட்டும் பொருள்களாக (object) வைத்திருக்கும் தரவுத்தளங்களோடு, பணியாற்றியவன் என்ற முறையில் அந்தக் குறையைச் சுட்டவே இதை எழுதுகிறேன்.

ஒரு பம்பின் வடிவமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் தண்டு, இம்பெல்லர், பேரிங் எனப் பல உறுப்புகள் உண்டு. அதே பேரிங் வேறு பத்துப் பம்புகளிலும் இருக்கலாம். உறவுநிலைத் தரவுத்தளத்தில் இவை தனித்தனி அட்டவணைகளாகக் கிடக்கும். பகுதி எண்ணை வைத்து ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருள்நோக்குத் தரவுத்தளத்திலோ பம்பு என்ற பொருள் பேரிங் என்ற பொருளை நேரடியாகவே சுட்டும். ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஓர் இயந்திரத்தை விரைவாகத் திரையில் கொண்டுவர அந்த நேரடிச் சுட்டுதல்தான் உதவியது. ஆனால் அந்தச் சுட்டுக்குப் பயன்படும் அடையாள எண் அந்தத் தரவுத்தளத்துக்குள் மட்டுமே அர்த்தம் தரும். வெளியே எடுத்தால் அது வெற்று எண்.

நான் வேலை பார்த்த ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் இதை நேரில் அனுபவித்தோம். தரவுத்தளத்தை விற்றவர்கள் அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். தரவை வெளியே எடுத்தபோது ஒவ்வோர் உறுப்பின் அளவும் எடையும் சரியாக வந்தன. எது எதனோடு சேரும் என்ற விவரம் மட்டும் வரவில்லை. அச்சிட்ட பழைய வரைபடங்களை மேசையில் விரித்து, நான்கு பேர் பல மாதங்கள் உட்கார்ந்து அந்தத் தொடர்புகளைக் கையால் திரும்ப ஏற்றினோம்.

இதற்குத் தரநிலை வகுக்க யாருமே முயலவில்லை என்று சொல்ல முடியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ரிக் கேட்டல் முன்முயற்சியில் 1991இல் ஓடிஎம்ஜி (ODMG) என்ற தரநிலைக் குழு அமைந்தது. பொருள்நோக்குத் தரவுத்தளங்களை விற்ற நிறுவனங்கள் பலவும் அதில் சேர்ந்தன. 1993இல் முதல் தரநிலை வெளியானது. பொருள்களை வரையறுக்க ஓடிஎல் என்ற மொழி, வினவுவதற்கு உறவுநிலைத் தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் சாயலில் ஓக்யூஎல், சி++, ஸ்மால்டாக் ஆகிய நிரல்மொழிகளுக்கான இணைப்புகள் என அது நேர்த்தியான வேலைதான். போட்டியாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்து இவ்வளவு குறுகிய காலத்தில் உடன்பட்டதை நான் இன்றும் மதிக்கிறேன். இருந்தாலும், ஒரு தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றுக்குப் பொருள்களை எடுத்துச் செல்வதற்கான ஓஐஎஃப் என்ற பரிமாற்ற வடிவம் 1997இல் வெளியான இரண்டாம் பதிப்பில்தான் இடம்பெற்றது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், அது எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பு, அதன் பண்புகளின் மதிப்புகள், பிற பொருள்களைப் பெயரால் சுட்டும் வசதி என யாரும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பு அது. எங்கள் பேரிங் சிக்கலுக்கு வேண்டிய மருந்து அதுவேதான். அதற்குள் பல நிறுவனங்கள் தரநிலையைப் பகுதியளவில் மட்டுமே பின்பற்றிப் பழகிவிட்டிருந்தன. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. 2001இல் குழு கலைந்தது.

பரிமாற்றத்தை முதலில் வைத்து உருவான ஒரு தரநிலையின் கதை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வடிவமைப்புத் தரவைப் பரிமாறுவதற்கான ஐஎஸ்ஓ 10303, அதாவது பொறியாளர்கள் ஸ்டெப் என்று அழைப்பது, 1994இல் முதன்முதலாக வெளியானது. எந்தத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறாய் என்று அது கேட்பதில்லை. ஒவ்வோர் உருப்படிக்கும் கோப்புக்குள் ஓர் எண் கொடுத்து, ஒன்றை மற்றொன்று அந்த எண்ணால் சுட்டும்படி எழுதச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வகைக் கோப்பு இன்றைக்கும் உலகெங்கும் வடிவமைப்பாளர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்களால் சமாளிக்க முடியும் என்று சிலர் சொல்லக்கூடும். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம், துகள் இயற்பியல் சோதனைகளின் தரவை ஆப்ஜெக்டிவிட்டி என்ற பொருள்நோக்குத் தரவுத்தளத்தில் வைத்திருந்து, பிறகு அதிலிருந்து விலக முடிவுசெய்தது. காம்பஸ், ஹார்ப் ஆகிய சோதனைகளின் 300 டெராபைட்டுக்கும் மேற்பட்ட தரவை 2003ஆம் ஆண்டுவாக்கில் வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கென்றே தனித் திட்டம் ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. அங்கே அதற்கான நிபுணர்கள் இருந்தார்கள். ஒரு மாவட்ட அலுவலகத்திலோ நகராட்சியிலோ யார் இருக்கிறார்கள்?

"இப்போதுதான் ஜேசன் இருக்கிறதே" என்ற பதிலை இளம் பொறியாளர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். மென்பொருள்கள் தரவை உரையாக எழுதிப் பரிமாறப் பயன்படுத்தும் ஜேசன் (JSON) நல்ல வடிவம், ஆனால் அது கிளைவிடும் மர அமைப்பு கொண்டது; ஒரு பொருளை இரண்டு இடங்களிலிருந்து சுட்டுவதற்கு அதில் இயல்பான வழி இல்லை. இரண்டு பம்புகளுக்குப் பொதுவான பேரிங்கை அப்படியே எழுதினால் அது இரண்டு முறை எழுதப்படும். திரும்ப ஏற்றும்போது இரண்டு வேறு பேரிங்குகளாகிவிடும். பேரிங்கின் இடத்தில் ஒரு குடும்ப உறுப்பினரையோ ஒரு நிலத்தையோ வைத்துப் பார்த்தால் விளைவு புரியும். அடையாளத்தை எப்படி எழுதுவது என்று தனியாக உடன்பட்டாக வேண்டும். டிஎஸ்சிஐஐ, டேப் எனப் பல குறியேற்றங்களில் எழுதிய பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றப் பாடுபட்டவர்களுக்கு, முன்கூட்டியே உடன்படாததன் விலையை நான் சொல்லத் தேவையில்லை.

பொருளோடு சேர்ந்த செயல்முறைகளை, அதாவது நிரல் பகுதியை, எந்தப் பரிமாற்றக் கோப்பாலும் முழுமையாக எடுத்துச் செல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரவையும் அதன் வரையறையையும் தொடர்புகளையும் எடுத்துச் செல்ல முடியும். எனவே பொதுப்பணத்தில் தரவுத்தளம் வாங்கும் ஒப்பந்தப்புள்ளி ஒவ்வொன்றிலும், முழுத் தரவையும் வரையறையோடு வெளிப்படையான உரை வடிவில் வெளியே எடுத்து, வேறொரு தயாரிப்பில் ஏற்றி, தொடர்புகள் குலையாமல் வந்திருப்பதைக் காட்டிய பிறகே இறுதித் தவணை வழங்கப்படும் என்ற நிபந்தனை இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களில் எத்தனையில் அத்தகைய நிபந்தனை இருக்கிறது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் துறைகளிடம் கேட்டு வெளியிட்டால், அந்தக் கட்டுரை தொடங்கிவைத்த விவாதம் சரியான இடத்துக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மென்பொருள் பொறியாளர்,
கோயம்புத்தூர்