தலையாட்டலை இடம் மாற்றி ஒட்டிவிட்டீர்கள்: மான்செஸ்டர் யுனைடெட் விவாதம் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மற்றும் தமிழ் விளையாட்டு நிகழ்ச்சிகளின் தயாரிப்புக் குழு

பொருள்: ரசிகர் விவாதத்தைத் திரித்து ஒளிபரப்பியது, தவறான தகவல்கள், திருத்தமும் மன்னிப்பும் கேட்டு

வணக்கம்.

மூன்று வருடமாக உங்கள் ஆப்புக்கு முழு வருடச் சந்தா கட்டி வருகிறேன். கால்பந்துக்குத் தமிழில் தனியாக ஒரு நிகழ்ச்சி வருகிறது என்பதற்காகவே கட்டுகிறேன், கிரிக்கெட் எனக்குப் பெரிதாக வேண்டாம். அந்த நிகழ்ச்சிக்கு என்னையும் என் நண்பர்கள் ஐந்து பேரையும் நீங்களே கூப்பிட்டு, பேச வைத்துப் படம் பிடித்து, நாங்கள் சொன்னதற்கு நேர் எதிராக வெட்டி ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே ஆப் வழியாக இரண்டு முறை புகார் போட்டேன். இரண்டு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. அதனால்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன், தயவுசெய்து ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கட்டும்.

2025 மே 21-ஆம் தேதி பில்பாவோவில் யூரோப்பா லீக் ஃபைனல். நமக்கு இரவு பன்னிரண்டரை மணி. எங்கள் மான்செஸ்டர் யுனைடெட் டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்றது. அந்த வாரக் கடைசியில் லீக்கும் முடிந்தது: 42 பாயிண்ட், பதினைந்தாம் இடம். 1974-ல் யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு மோசமாக முடித்ததே கிடையாது. அந்த வலியோடு இருந்தபோதுதான் உங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "இந்த நிலைமைக்கு யார் காரணம்? மேனேஜரா, சேர்மனா, ஓனரா, எதையும் மறைக்காமல் பேசுங்கள், ரசிகன் பார்வையில் வேண்டும்" என்றார்கள். நம்பி வந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். ஒளிபரப்பானது 14 நிமிடம்.

14 நிமிடம் என்பதில் எனக்குக் குறை இல்லை. நேரத்துக்கு ஏற்பச் சுருக்கலாம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே இருக்கிறது, சரி. சுருக்குவது வேறு, திரிப்பது வேறு.

என் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது மேனேஜராக இருந்த அமோரிம் பற்றி நான் சொன்னது இது: "அமோரிமை அனுப்பினாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை, 42 பாயிண்டுக்கு எந்த கிளப்பிலும் மேனேஜர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 2013-லிருந்து இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம், நாற்காலியில் உட்காருகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், நாற்காலி போடுகிற ஆள் மட்டும் மாறவே இல்லை." இதில் "ஆனால்" என்ற வார்த்தைக்கு முன்னால் வெட்டிவிட்டீர்கள். கீழே பெரிய எழுத்தில் "அமோரிமைத் துரத்து! ரசிகர் ஆவேசம்" என்று ஒரு பட்டை வேறு. நான் ஆவேசப்படவே இல்லை. அன்று ராத்திரி எங்கள் ரசிகர் குழு வாட்ஸ்அப்பில் "நீயா இப்படிப் பேசினாய்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். எங்களோடு வந்த கோச் அண்ணனுக்கு நீங்கள் செய்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கால்பந்து சொல்லித்தருகிறவர். ஷூட்டிங்குக்காக அன்றைய மாலைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் ஒரு நோட்டு, அதில் வருடம், தொகை எல்லாம் எழுதி வைத்திருந்தார். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பேசினார். அன்று அந்த அறையில் நடந்த நல்ல பேச்சு அதுதான், கேமராவுக்குப் பின்னால் நின்ற உங்கள் ஆட்களே அசையாமல் நின்று கேட்டார்கள். அதில் ஒரு வார்த்தைகூட ஒளிபரப்பில் இல்லை. அவர் முகம் மூன்று வினாடி வருகிறது. உங்கள் தொகுப்பாளர் "ஓனர்கள் பணத்தைக் கொட்டத்தானே செய்தார்கள், மேனேஜர்கள்தான் வீணடித்தார்கள்" என்கிறார், உடனே அண்ணன் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் அந்தப் பேச்சுக்கு உரியதே அல்ல! எங்களில் ஒருவர் மியூனிக் விமான விபத்தில் இறந்த எட்டு யுனைடெட் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசியபோது அவர் தலையாட்டியது அது. 1958 பிப்ரவரியில் இறந்துபோனவர்களை நினைத்து ஒரு மனிதர் தலையசைத்ததை எடுத்து, அவர் முழு மனதோடு மறுத்த ஒரு கருத்துக்குச் சம்மதம் மாதிரி ஒட்டியிருக்கிறீர்கள்.

அவரிடம் படிக்கிற பிள்ளைகள் மைதானத்தில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார்கள். "சார், நீங்க பேசவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை, "விடு தம்பி" என்று மட்டும் சொன்னார். என்னால் விட முடியவில்லை.

அவர் சொன்னது என்ன என்று உங்களுக்கு மறந்திருக்கலாம், எழுதுகிறேன். 2005-க்கு முன்னால் யுனைடெட்டுக்குக் கடன் கிடையாது. அந்த வருடம் மால்கம் கிளேசர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் சுமார் 79 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார், அதில் பெரும்பகுதி கடன் பணம். அந்தக் கடனில் 50 கோடி பவுண்டுக்கு மேல் கிளப்பின் தலையிலேயே கட்டினார். ஒரு ஆள் வீடு வாங்க வாங்கிய கடனை அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் வாடகையோடு சேர்த்து அடைப்பது மாதிரி என்று அண்ணன் சொன்னார். 20 வருடம் ஆகிவிட்டது, வட்டி போய்க்கொண்டே இருக்கிறது, கடன் தீரவில்லை. வட்டி, லாபப் பங்கு என்று எல்லாம் சேர்த்தால் கிளப்பிலிருந்து வெளியே போன பணம் 100 கோடி பவுண்டைத் தாண்டும். அப்படியானால் ஆட்டக்காரர்களை வாங்கக் கொட்டிய பணம் யாருடையது? டிக்கெட், டிவி உரிமை, ஜெர்சி விற்ற காசு. அதாவது கிளப் சம்பாதித்த பணம், ஓனர் வீட்டுப் பணம் இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் உங்கள் தொகுப்பாளர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் பேசினோம் என்று சொல்ல வரவில்லை, நல்ல சண்டை நடந்தது, அதையும் சேர்த்துத்தான் வெட்டிவிட்டீர்கள். 2013 வரை மேனேஜராக இருந்த ஃபெர்குசனைச் சொல்லி, "அதே ஓனர்கள் இருக்கும்போதுதானே ஃபெர்குசன் ஜெயித்தார்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து லீக், 2008-ல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக், எல்லாமே கிளேசர்கள் வந்த பிறகு கிடைத்தவைதான். அதற்கு அண்ணன் சொன்ன பதிலும் என் மனதில் நிற்கிறது: ஓட்டை இருக்கும் கூரையின் கீழே ஒருவர் பாத்திரம் பிடித்துக்கொண்டே நின்றார், அவர் 2013-ல் நகர்ந்தார், கிளப்பின் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் போய்விட்டார், அப்புறம்தான் தரை நனைந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. (யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் கூரை நிஜமாகவே ஒழுகியது, 2024 மே மாதம் ஆர்சனல் மேட்சில் அருவி மாதிரி கொட்டியதை எல்லாரும் பார்த்தோம்.)

இந்தக் கேள்வியும் பதிலும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, ஆனால் உங்கள் திரையில் "2013: ஃபெர்குசன் விலகல், கிளேசர் குடும்பம் வருகை" என்று ஒரு வரி போட்டீர்கள். எட்டு வருடம் தவறு. முழு விவாதமும் அந்த எட்டு வருடத்தைப் பற்றித்தான், அதையே அழித்துவிட்டீர்கள்! 2005-லேயே கோபப்பட்டுப் பிரிந்துபோய் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனி கிளப் தொடங்கிய ரசிகர்கள் இருக்கிறார்கள். 2010-ல் கிளப்பின் பழைய பெயரான நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சை, தங்க நிறத் துண்டு போட்டுக்கொண்டு ஸ்டேடியத்தில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2021 மே 2-ஆம் தேதி மைதானத்துக்குள்ளேயே இறங்கி லிவர்பூல் மேட்சைத் தள்ளிவைக்க வைத்தவர்களும் உண்டு. தோற்றதால்தான் ரசிகர்கள் ஓனரைத் திட்டுகிறார்கள் என்று உங்கள் நிகழ்ச்சி சொல்கிறது. ஜெயித்துக்கொண்டிருந்தபோதே எதிர்த்தார்கள் என்பதுதான் உண்மை.

இன்னும் இரண்டு தவறுகள். முன்னாள் மேனேஜர் வான் காலுக்கு நேராக "கோப்பை: 0" என்று போட்டீர்கள். 2016 மே 21, வெம்ப்ளியில் கிரிஸ்டல் பேலஸை 2-1 என்று ஜெயித்து எஃப்.ஏ. கப் வாங்கிக் கொடுத்தார், இரண்டு நாளில் அவரை அனுப்பினார்கள். மேனேஜர்களை கிளப் எப்படி நடத்துகிறது என்று பேச இதைவிட நல்ல உதாரணம் எது? அதைப் பூஜ்யமாக்கிவிட்டீர்கள். அப்புறம் ஜிம் ராட்க்ளிஃப் படத்தைப் போட்டு "சேர்மன்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் 2024-ல் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர். சேர்மன் நாற்காலியில் இருப்பவர்கள் ஜோயல் கிளேசர், ஆவ்ரம் கிளேசர் என்ற சகோதரர்கள் இருவர். சேர்மனா மேனேஜரா என்பதுதான் நிகழ்ச்சியின் தலைப்பே, அதில் சேர்மன் யார் என்பதே தப்பு.

ராட்க்ளிஃப் பற்றி எங்களோடு வந்த தங்கை ஒருவர் பேசினார், கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ராட்க்ளிஃப் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது அவர் வாதம்: தொடர்ந்து ஐந்து வருடம் நஷ்டம், யாராவது செலவைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கோச் அண்ணன் குறுக்கே வந்து, 2024 ஜூலையில் அப்போதைய மேனேஜர் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அனுப்பி, அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தவர்கள், கேன்டீனில் வேலை ஆட்களுக்குப் போட்ட இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். 250 பேர் வேலையை எடுத்தார்கள், அப்புறம் இன்னும் 200 பேர் வரை என்றார்கள். சீசன் நடுவில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு என்று ஆக்கி, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இருந்த சலுகையை எடுத்தார்கள். தங்கை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டிக்கெட் விஷயம் தப்புதான், மற்றதில் நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். இப்படித்தான் இருந்தது எங்கள் விவாதம். நீங்கள் காட்டியது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதை மட்டும்.

மேனேஜர்கள் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. மோய்ஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்துப் பத்து மாதத்தில் அனுப்பினார்கள், அவர் தடுமாறியது உண்மை. மொரின்யோ 2018-ல் இரண்டாம் இடம், 81 பாயிண்ட், ஆனால் மான்செஸ்டர் சிட்டி 100 பாயிண்டில் இருந்தது; அந்த வருட டிசம்பரிலேயே அவரும் போனார். சூல்ஷேர் 2021-ல் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10 என்று தோற்ற ராத்திரி எனக்கு இன்னும் ஆறவில்லை. அமோரிம் 3-4-3 என்ற ஆட்ட அமைப்பை விட மறுத்தது பிடிவாதம்தான், அதை நானே அங்கே சொன்னேன். ஆனால் டென் ஹாக் கேட்டார் என்று அயாக்ஸ் கிளப்பிலிருந்து ஆன்டனி என்ற விங்கரை (ஓரத்தில் ஆடுபவரை) 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்குவது, அடுத்து விங்கருக்கு இடமே இல்லாத முறை ஆடும் ஒருவரைக் கொண்டுவருவது, ஆன்டனியைக் கடனுக்கு ஸ்பெயினின் பெட்டிஸ் கிளப்புக்கு அனுப்புவது, இதை மேனேஜர் தலையில் மட்டும் எழுத முடியுமா? தேர்ந்தெடுப்பவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆட்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதைத்தான் நான் "ஆனால்" என்று ஆரம்பித்தேன்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "அது எடிட்டிங் டீம் முடிவு சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். பணம் வாங்குவது ஒரே கம்பெனி, பதில் சொல்ல மட்டும் வேறு வேறு டீமா? "முழுமையான ரசிகர் விவாதங்கள் தமிழில்" என்று சொல்லித்தான் சந்தா விற்றீர்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். முழுப் பதிவையும் ஆப்பில் போடுங்கள், குறைந்தது கோச் அண்ணன் பேசிய பகுதியையாவது வெட்டாமல் போடுங்கள். அந்தத் தலையாட்டலை எடுத்துவிடுங்கள், கிளேசர் வந்த வருடம், வான் காலின் கோப்பை, சேர்மன் பெயர் மூன்றையும் திருத்துங்கள், திருத்தியதை அடுத்த நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் தொகுப்பாளர் வாயால் சொல்லட்டும். என் பெயரில் ஓடிய அந்தப் பட்டையும் போக வேண்டும். இவை 15 நாளில் நடக்காவிட்டால் மீதி மாதங்களுக்கான சந்தாப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், மற்ற ஐந்து பேரும் அவரவர் கணக்கிலிருந்து இதே கோரிக்கையை அனுப்புவார்கள், நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவோம்.

எனக்கு ஈமெயிலில் பதில் போட்டால் போதும். கோச் அண்ணனிடம் மட்டும் போனில் பேசி வருத்தம் சொல்லுங்கள், அவர் ஈமெயில் பார்ப்பதில்லை. நம்பர் உங்களிடம் இருக்கிறது, படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை ஆறிலிருந்து எட்டு வரை மைதானத்தில் இருப்பார், அதற்கு அப்புறம் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்