மரியோ பாவாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர் திரைப்படச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக உங்கள் திரையிடல்களுக்கு வருகிறேன். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஃபெலினி, அந்தோனியோனி என்ற இத்தாலிய இயக்குநர்களின் படங்களைப் பார்த்தேன். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் பழைய இத்தாலியப் பேய்ப் படம் ஒன்று போடலாமே என்று கேட்கும்போதெல்லாம் "அதெல்லாம் பி கிரேடு சமாச்சாரம் சார்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். நேரில் பேசி முடியாததால்தான் இந்த மடல்.

போன மாதம் ஃபெலினியின் 'டோபி டாமிட்' போட்டீர்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளை மூன்று இயக்குநர்கள் பங்கு போட்டுக்கொண்டு எடுத்த 1968ஆம் ஆண்டுப் படத்தில் அது ஒரு பகுதி. சாத்தான் அதில் பந்து விளையாடும் வெளிறிய சிறுமியாக வருகிறது. படம் முடிந்து பேசிய நண்பர் அந்தச் சிறுமியைப் பற்றியே கால் மணி நேரம் வியந்தார். நியாயம்தான். ஆனால் 1966இலேயே, இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 'கில், பேபி, கில்' என்ற பேய்ப் படத்தில், அப்படியொரு சிறுமி பந்தோடு வந்து ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துவிட்டாள். (சொல்லப்போனால் அது சிறுமியே இல்லை, விக் வைத்த பையன். அந்த முகத்தில் என்னவோ ஒன்று இடறுவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.)

படப்பிடிப்பு முடிவதற்குள் பணம் தீர்ந்துபோன படம் அது. அதில் ஒரு காட்சி: கதையில் வரும் டாக்டர் யாரோ ஒருவனைத் துரத்தி ஓடுகிறார். அறை, கதவு, மறுபடி அதே அறை, அதே கதவு. எட்டிப் பிடித்துத் திருப்பினால் அவர் முகமேதான். செலவென்று பார்த்தால் ஒரே ஓர் அறை.

பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். 1957இல் அவர் ஒளிப்பதிவு செய்த 'இ வாம்பிரி'யில் ஓர் இளம்பெண், காட்சியை எங்கும் வெட்டாமலே, கண்ணெதிரே கிழவியாகிறாள். கருப்பு வெள்ளைப் படம். சுருக்கங்களைச் சிவப்பில் வரைந்து சிவப்பு ஒளியில் எடுத்தால் அவை தெரியாது. ஒளியின் நிறத்தை மாற்றினால் கோடுகள் கருப்பாக எழும்பி வரும். அவ்வளவுதான் மாயம். தெரிந்த பிறகும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

டப்பிங் உதட்டோடு ஒட்டவில்லை என்பீர்கள். சரி. அந்தக் கால இத்தாலியில் குரலைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்த்தார்கள். ஃபெலினியே நடிகர்களை வசனத்துக்குப் பதில் எண்களைச் சொல்லவைத்தவர். அவர் செய்தால் பாணி, பாவா செய்தால் பிழையா?

இத்தாலியத் திகில் படம் எல்லாம் நல்ல படம் என்று சாதிக்க வரவில்லை. நிறையக் குப்பை உண்டு. 1980இல் வந்த 'கேனிபல் ஹோலோகாஸ்ட்'டில் கேமரா முன்னால் உயிருள்ள விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். அதை நீங்கள் போட்டால் நான் எழுந்து போய்விடுவேன். பாவாவே 1964இல் எடுத்த 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' பெண்களின் கொலையை அலங்காரமாக்கும் படம்தான். அதன் வண்ணங்களை ரசித்துக்கொண்டே நெளிந்திருக்கிறேன். அதைப் பற்றியும் உட்கார்ந்து பேசலாம்.

இப்போதைக்குக் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும். முதலில் பாவா, அப்புறம் மறுபடி 'டோபி டாமிட்'. இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். தமிழில் சப்டைட்டில் நான் போட்டுத் தருகிறேன். இடைவேளை டீச் செலவும் என்னுடையது.

அன்புடன்,
மூன்றாவது வரிசை ஓர நாற்காலிக்காரன்