விலை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள்

ராமநாதபுரம் மாவட்ட நூலக அலுவலருக்கும் கடற்கரை ஊர் வாசகர் வட்டங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக அலுவலர் அவர்களுக்கும், தொண்டி முதல் சாயல்குடி வரையிலான வாசகர் வட்டத்தினருக்கும் வணக்கம்.

பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் கடலுக்குக் கிளம்புகிற ஆள் இந்தக் கரையில் இல்லை. அதே வீட்டுப் பிள்ளை, டெலிகிராமில் யாரோ போட்ட விலைச் சார்ட் படத்தைப் பார்த்துவிட்டு ஆப்ஷன் (ஒரு பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்குகிறான். அந்த விலை என்றைக்கு உள்ளது, எந்தச் சந்தையில் உள்ளது, அதை எடுத்துப் போட்டவர் யார் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. பங்குச் சந்தைப் பக்கமே போகாதே என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சொன்னால் கேட்கப் போவதும் இல்லை. போகிறவன் தன் கண்முன் இருக்கும் எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்து போகட்டும் என்பதுதான் கோரிக்கை. கமிஷன் எதிர்பார்க்காமல் அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய இடம் இந்த ஊர்களில் நூலகம் ஒன்றுதான்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்த வியாபாரம்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். செலவுகளையும் சேர்த்தால் சராசரியாகத் தலைக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். நல்ல தரவு கையில் இருந்திருந்தால் இவர்கள் எல்லாம் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தரவைப் பார்க்கத் தெரிந்தவன் முதலில் இந்த 93ஐப் பார்த்திருப்பான்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மார்ச்சில் முடியும் ஆண்டுக்கான தணிக்கை செய்த கணக்கைப் பட்டியலிட்ட கம்பெனிகள் 60 நாளுக்குள், அதாவது மே 30க்குள் வெளியிட்டாக வேண்டும். படகு கரையில் நிற்கும் அதே வாரங்களில்தான் கம்பெனிக் கணக்குகள் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த நாட்களில் ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு பிரின்டர். இவ்வளவுதான்.

முதல் வகுப்பிலேயே சார்ட்டைக் காட்டிவிடாதீர்கள். பாவ்காப்பியைக் காட்டுங்கள். நாட்டின் இரு பெரிய பங்குச் சந்தைகளான என்எஸ்இயும் பிஎஸ்இயும் ஒவ்வொரு வர்த்தக நாளும் சந்தை முடிந்தபின் தங்கள் இணையதளத்தில் இலவசமாகப் போடும் கோப்பு அது. அன்றைக்குக் கைமாறிய எல்லாப் பங்குகளின் ஆரம்ப விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, முந்தைய நாள் முடிவு, கைமாறிய எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். என்எஸ்இயின் முழுக் கோப்பை எடுத்தால், கைமாறியதில் எத்தனை பங்கு டெலிவரிக்குப் போனது, அதாவது வாங்கியவர் கணக்கிலேயே சேர்ந்தது என்பதும் தெரியும். எக்செல்லில் திறக்கலாம். நாள் விலைகளுக்குக் காசு கேட்கும் தரவுத் தளங்களும் பெரும்பாலும் இந்தக் கோப்புக்கு மேலே கட்டிய மாடிதான். கோப்பின் வடிவம் 2024 ஜூலையில் மாறியது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துச் செய்கிறவர்கள் தலைப்புகள் ஒத்துவராமல் முழிப்பது அதனால்தான்.

கோப்பில் ‘சீரிஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலான பங்குகளுக்கு அங்கே ‘இக்யூ’ (EQ) என்றிருக்கும். ‘பிஇ’ (BE) என்றிருந்தால் அந்தப் பங்கில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) கிடையாது, வாங்கினால் டெலிவரி எடுத்தே ஆக வேண்டும். குரூப்பில் வரும் ‘இன்றே வாங்கி இன்றே விற்கலாம்’ வகை டிப்ஸில் பாதியை இந்த ஒரு பத்தியே கழித்துவிடும் என்பது எங்கள் கணிப்பு.

முடிவு விலைக்கு வருவோம். மூன்றரை மணிக்குக் கடைசியாகக் கைமாறிய விலையும் முடிவு விலையும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாக இருந்துவந்த முறைப்படி, கடைசி அரைமணி நேரத்தில் நடந்த வியாபாரத்தின் எடையிட்ட சராசரிதான் முடிவு விலை. ஒரு ஆப் ‘லாஸ்ட்’ காட்டும், இன்னொன்று ‘குளோஸ்’ காட்டும், இரண்டுக்கும் ஓரிரு ரூபாய் வித்தியாசம் வரும். உடனே ‘ஆபரேட்டர் வேலை’ (விலையை யாரோ செயற்கையாக ஆட்டுகிறார்கள்) என்று கிளம்பிவிடுவார்கள். ஆபரேட்டரும் இல்லை ஒன்றும் இல்லை, இரண்டு பத்தி, அவ்வளவுதான்.

உண்மையான குழப்பம் போனஸ் (இலவசப் பங்கு), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது), டீமெர்ஜரில் (ஒரு பிரிவைத் தனிக் கம்பெனியாகப் பிரிப்பது) இருக்கிறது. ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28ஐ ரெக்கார்டு தேதியாக (யாருக்கு உரிமை என்று கணக்கெடுக்கும் நாள்) வைத்து ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. முந்தைய வர்த்தக நாளில் 2,650 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு அன்று 1,330ஐ ஒட்டி வந்தது. யாருக்கும் நட்டமில்லை, பங்கு இரட்டிப்பானது. பாவ்காப்பி நடந்ததை நடந்தபடியே வைத்திருக்கும். சார்ட் தளமோ பழைய விலைகளை எல்லாம் பாதியாக்கிக் காட்ட வேண்டும். காட்டாத தளத்தில் பாதி விலை சரிந்த மாதிரி ஒரு பள்ளம் தெரியும், மூவிங் ஆவரேஜ் (கடந்த சில நாள் விலையின் சராசரிக் கோடு) எல்லாம் கெட்டுப்போகும். விலையைப் பாதியாக்கிவிட்டு, கைமாறிய எண்ணிக்கையை இரட்டிப்பாக்க மறக்கும் தளங்களும் உண்டு. அது இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு தளத்துக்குச் சந்தா கட்டுமுன் அரைமணி நேரம் அதைச் சோதிக்கச் சொல்லிக்கொடுங்கள். மேலே சொன்ன போனஸ் நாளில் தொடங்கலாம். அடுத்து 2023 ஜூலை 20, ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்த நாள். ஜியோவுக்கு அன்று என்எஸ்இயில் சந்தை கண்டுபிடித்த விலை 261 ரூபாய் 85 காசு. அந்த அளவு ரிலையன்ஸின் பழைய விலைகளில் சரிசெய்யப்பட்டிருக்கிறதா? சில தளங்கள் செய்யும், சில செய்யாது. இரண்டுமே குற்றமில்லை, எது என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

அப்புறம் 2025 பிப்ரவரி 1. சனிக்கிழமை, ஆனால் பட்ஜெட் நாள் என்பதால் சந்தை நடந்தது. அந்தத் தேதிக்கு விலையே இல்லாவிட்டால் அந்தத் தளம் நாட்காட்டியைப் பார்த்துச் சனி ஞாயிறைக் கழிக்கிறது, சந்தையைப் பார்ப்பதில்லை. நிமிடக் கணக்குத் தரவு விற்பவரிடம் 2021 பிப்ரவரி 24ஐக் கேளுங்கள். அன்று கோளாறால் என்எஸ்இ காலை 11.40க்கு நின்றது, மாலை 3.45க்குத் திரும்பத் திறந்து 5 மணி வரை நடந்தது. அந்த இடைவெளியில் என்எஸ்இ விலை ஓடிக்கொண்டிருந்தால் அது இட்டு நிரப்பிய தரவு. காசு கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்றமும் ஆளைக் கவிழ்க்கும். ஜொமாட்டோ 2025 மார்ச்சில் எடர்னல் ஆனது, ஏப்ரலில் சந்தைக் குறியீடும் மாறியது. குறியீட்டை வைத்துக் கோப்புகளை ஒட்டினால் பழைய கம்பெனி மறைந்து புதியது ஒன்று முளைத்த மாதிரி தெரியும். ஒவ்வொரு பங்குக்கும் உள்ள அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னை வைத்து ஒட்டினால் இது தப்பும். ஆனால் முகமதிப்பு (பங்கின் பெயரளவு மதிப்பு) மாறும் ஸ்பிளிட்டில் ஐஎஸ்ஐஎன்னும் மாறிவிடும். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை.

‘பத்து வருடம் பேக்டெஸ்ட் செய்த ஸ்ட்ராட்டஜி’ (பழைய விலைகளில் ஓட்டிச் சோதித்த வியாபார முறை) என்று விற்கிறார்களே, அவர்களிடம் ஒரே கேள்வி போதும்: எந்தக் கம்பெனிகளின் பட்டியலில் செய்தீர்கள்? என்எஸ்இயின் 50 பெரிய கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி 50இன் இன்றைய பட்டியலை எடுத்துக்கொண்டு பத்து வருடம் பின்னால் போனால் தோற்றவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. வீட்டுக் கடன் கம்பெனி டிஎச்எஃப்எல் போல 2021இல் பங்குதாரர்களுக்குக் கையில் ஒன்றுமே மிஞ்சாமல் சந்தையை விட்டுப் போனவையும் சோதனையில் இருந்தால்தான் அது சோதனை.

‘லைவ்’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். இலவசத் தளங்களில் சில 15 நிமிடம் பிந்திய விலையைக் காட்டும், ஓரத்தில் பொடி எழுத்தில் சொல்லியும் இருப்பார்கள். புரோக்கர் ஆப்பில் வருவதும் ஒவ்வொரு வியாபாரமும் அல்ல, நொடிக்குச் சில தடவை எடுத்த நிலவரம். அதனால்தான் இரண்டு ஆப்பில் ஒரே நிமிட கேண்டிலின் (அந்த நிமிட விலைகளைக் காட்டும் சார்ட் பட்டை) உச்சம் வேறு வேறாக இருக்கிறது. நாள் கேண்டிலை வைத்து முடிவெடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஐந்து நிமிட கேண்டிலில் ஸ்டாப்லாஸ் (நட்டத்தை நிறுத்தத் தானாக விற்கும் விலை) வைப்பவருக்கு இதுதான் எல்லாம். பாம்பன் தீவில் சிக்னல் ஆடும் இடத்தில் உட்கார்ந்து ஸ்கால்பிங் (நிமிடத்துக்குள் வாங்கி விற்பது) செய்வது தேவையில்லாத வேலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கம்பெனிக் கணக்கு படிக்க நம் ஊருக்குப் புரிகிற உதாரணம் இருக்கிறது. இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு தீவனக் கம்பெனி அவந்தி ஃபீட்ஸ் தெரியும். தனிக் கணக்கு என்றால் பெரிதும் தீவன வியாபாரம். ஒருங்கிணைந்த கணக்கில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் துணை நிறுவனமும் சேரும். அந்தத் துணை நிறுவனத்தில் அவந்திக்கு 60 சதவீதம்தான் பங்கு. ஆகவே ஒருங்கிணைந்த லாபத்தை அப்படியே எடுத்து பிஇ (P/E, பங்கு விலை லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) கணக்குப் போடக்கூடாது, மற்றவர் பங்கைக் கழித்து ‘உரிமையாளர்களுக்கு உரிய லாபம்’ என்ற வரியை எடுக்க வேண்டும். மூன்று தளம் மூன்று பிஇ காட்டினால், ஒன்று தனிக் கணக்கு, ஒன்று ஒருங்கிணைந்தது, ஒன்று கழிக்காமல் விட்டது என்று பிரித்துக் கண்டுபிடிப்பதையே ஒரு வகுப்பாக வைக்கலாம். நிஃப்டியின் பிஇயே 2021 மார்ச் இறுதியில் 40ஐ ஒட்டிய இடத்திலிருந்து ஒரே நாளில் 33க்கு இறங்கியது. சந்தை அந்த அளவுக்கு விழவில்லை. தனிக் கணக்கிலிருந்து ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறினார்கள், அவ்வளவே. அந்தத் தேதிக்கு இரு பக்கமும் உள்ள பிஇயை ஒரே கோடாகப் போட்டு ‘சந்தை மலிவாகிவிட்டது’ என்று படம் காட்டுபவர்களிடம் பாடம் கேட்க வேண்டாம்.

இனி அலமாரி. செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வுகளுக்கான பாடப் புத்தகங்கள் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். சுவை இருக்காது, தப்பும் இருக்காது. எட்டாம் வரிசை பங்கு டெரிவேட்டிவ் (எஃப் அண்ட் ஓ) பற்றியது, பதினைந்தாம் வரிசை ஆய்வாளர்களுக்கானது. இரண்டையும் பிரின்ட் எடுத்துத் தைத்து வையுங்கள். தேர்வு எழுதாதவரும் படிக்கலாம். செபியின் நிதிக் கல்விக் கையேட்டைத் தமிழில் வையுங்கள். ஜெரோதாவின் வர்சிட்டி ஆங்கிலம் வாசிப்பவர்க்கு நல்ல இலவசப் பாடம். ஆனால் அது ஒரு புரோக்கர் நடத்துவது, நீங்கள் வியாபாரம் செய்தால் அவருக்கு வருமானம் என்ற நினைப்போடு படிக்க வேண்டும்.

இருக்கிற பழைய புத்தகங்களைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். செட்டில்மென்ட் (பங்கும் பணமும் கைமாறி முடிவது) இரண்டு நாள் என்று சொன்னால் 2023 ஜனவரிக்கு முந்தையது, இப்போது ஒரு நாள். நீண்டகால லாபத்துக்கு 10 சதவீத வரி என்றால் 2024 ஜூலை 23க்கு முந்தையது. நிஃப்டி வார எக்ஸ்பைரி (வார ஆப்ஷன் முடியும் நாள்) வியாழன் என்றால் 2025 செப்டம்பருக்கு முந்தையது, அதன்பின் செவ்வாய். மரத்தின் வயதை ஆண்டு வளையம் சொல்வதுபோல, இந்த வரிகளே புத்தகத்தின் வயதைச் சொல்லிவிடும்.

காசு வாங்கும் வகுப்புகளைப் பற்றி: 2025 ஜனவரியில் செபி தந்த விளக்கப்படி, கல்வி மட்டும் தருகிறவர் முந்தைய மூன்று மாத விலைத் தரவை வைத்து எந்தப் பங்கையும் பேசக்கூடாது. ஆகவே நேற்றைய சார்ட்டைப் போட்டு ‘நாளைக்கு இது ஏறும்’ என்பவர் ஆசிரியர் அல்ல, பதிவில்லாத ஆலோசகர். பதிவு உண்டு என்றால் எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர் எண் ‘ஐஎன்எச்’ என்றும், ஆலோசகர் எண் ‘ஐஎன்ஏ’ என்றும் தொடங்கும். எண்ணை அவர் காட்டும் சான்றிதழில் பார்க்காமல் செபியின் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சான்றிதழ் போட்டோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பணம் கட்டச் சொல்லும் யூபிஐ முகவரியில் ‘@வேலிட்’ (@valid) என்ற பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவுபெற்றவர்களுக்கென்று 2025 அக்டோபர் முதல் வந்த ஏற்பாடு அது, செபியின் ‘செபி செக்’ வசதியில் சரிபார்க்கலாம். தனி ஆளின் கூகுள் பே எண் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா நாடுகளில் இருந்து பங்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இரண்டு வரி. வெளிநாடுவாழ் இந்தியருக்குப் பங்குகளில் இன்ட்ராடே கிடையாது, ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண டீமேட்டை (பங்குகளை வைக்கும் கணக்கு) அப்படியே ஓட்டக்கூடாது. ஊரில் இருப்பவர்களுக்கு ஃபாரக்ஸ் (அந்நியச் செலாவணி) ஆப் சிபாரிசு செய்பவர்கள் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யட்டும். பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே அனுமதி உண்டு என்று ஆகிவிடாது.

கடைசியாக, ஆப்பில் தெரியும் லாபம் உண்மையா என்ற கேள்வி. வாங்கிய பங்கு அடுத்த வர்த்தக நாளில் பங்குகளை மின்வடிவில் காக்கும் டெபாசிட்டரிகளான சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் கணக்கில் இருந்தாக வேண்டும். புரோக்கர் ஆப்புக்குள் பார்க்காமல், நேராக டெபாசிட்டரியின் தளத்தில் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். அங்கே இல்லாவிட்டால் அந்த ஆப் காட்டும் லட்சங்கள் வெறும் படம். ‘லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டு’ என்று ஒருவர் கேட்கும்போது அதைக் கட்டாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும், அதுவும் உடனே. பணம் கடைசிக் கணக்கைத் தாண்டுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

மேலே சொன்ன சோதனை நாட்களின் கோப்புகளையும் பார்க்க வேண்டிய கலங்களைக் குறித்த ஒரு பக்கத் தாளையும் தமிழில் தயாரித்துத் தர ஒப்புக்கொள்கிறோம். மார்ச் மாதத்துக்குள் எந்தெந்தக் கிளையில் கணினி ஒதுக்க முடியும் என்று தெரிவித்தால், கேட்கிற கிளைகளுக்கு முதல் இரண்டு வகுப்புகளைக் கட்டணமில்லாமல் நாங்களே வந்து நடத்தித் தருகிறோம். எந்தப் பங்கையும் சிபாரிசு செய்ய மாட்டோம், யாருடைய கணக்கையும் திறந்து பார்க்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பங்குச் சந்தைத் தரவுகளையும் கணக்குகளையும் பார்த்துவரும் சிலர்,
ராமநாதபுரம் கடற்கரை