ஆணி எண்ணிய அனைவருக்கும் நன்றி

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் இளையோர் கிரிக்கெட் அணி ஏழாவது கோடையையும் விளையாடி முடித்துவிட்டது. வெற்றிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தோல்விதான் அதிகம். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பதினொரு பேரைச் சேர்த்துக் களத்தில் இறக்கவே எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஜேர்மனியில் ஒரு சிறுநகரம், சுற்றிலும் உதைபந்தாட்டம், இடையில் நாங்கள். இந்த மடலில் நன்றி பெறுகிறவர்களில் பாதிப்பேருக்கு எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மைதானப் பொறுப்பாளர் ஐயா. கிரிக்கெட்டுக்கு முழு மைதானத்தையும்விட நடுவில் இருக்கிற இருபது மீட்டர் நிலம்தான் முக்கியம். இங்கே புல் உதைபந்தாட்டத்துக்காக வளர்க்கப்படுவது, எப்போதும் ஈரமாக மெத்தென்று இருக்கும். ஒரு பந்து கணுக்காலோடு உருளும், அடுத்தது முகத்துக்கு ஏறும். அதனால் தும்புப் பாய் விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்துத்தான் விளையாட வேண்டும். ஆணி என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் அதே புல்லில் சின்னப் பிள்ளைகள் சறுக்கி விழுந்து விளையாடுவார்கள், ஒரே ஒரு ஆணி கிடந்தாலும் போதும். அவர் பயந்ததில் பிழையே இல்லை.

சரி, ஆணிகளை எண்ணித் தருகிறோம் என்றோம். மொத்தம் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்தமாக எண்ணுவார்கள், அவர் கைகட்டிக்கொண்டு பார்ப்பார். ஒரு மாலை நாற்பத்தேழுதான் வந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது, பெற்றோர்கள் காரில் காத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் ஒரு தும்புத்தடியின் நுனியில் காந்தம் கட்டிக்கொண்டு வந்து, எங்களோடு ஒன்றரை மணிநேரம் புல்லைத் தடவினார். கடைசியில் ஆணி எங்கள் விக்கெட் காப்பாளரின் காற்சட்டைப் பையில் இருந்தது. அவர் ஒரு சொல் திட்டவில்லை. அன்றைக்கு என் மகனாக இருந்திருந்தால் நான் திட்டியிருப்பேன்.

அடுத்து உடற்பயிற்சி ஆசிரியை. கிரிக்கெட்டை அவர் பிள்ளைகளுக்குப் 'பிரென்பாலின் மச்சான்' என்று அறிமுகப்படுத்தினார். பிரென்பால் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆடும் ஆட்டம்; பந்தை அடித்து அல்லது எறிந்துவிட்டு ஓடவேண்டும். அந்தப் பழக்கத்தில் எங்கள் பிள்ளைகள் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், மறுமுனையில் மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட ஒன்றுமில்லாமல் ரன் அவுட் ஆனார்கள். அதைவிடக் கடினம், அடித்தாலும் ஓடாமல் நிற்கலாம் என்று புரியவைப்பது. கைப்பந்து, அதாவது ஹேண்ட்பால், ஆடிப் பழகிய பிள்ளைகள் எல்லைக்கோட்டிலிருந்து எறிவதைப் பார்த்தால் வாய் பிளக்கும். அதே பிள்ளைகள் முழங்கையை மடக்காமல் பந்துவீசப் பழகத்தான் ஒரு குளிர்காலமே போனது. அந்தக் குளிர்காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மண்டபத்தை எடுத்துத் தந்ததும் ஆசிரியைதான்.

2015இல் ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்துசேர்ந்த தம்பிமாருக்கு என்ன சொல்வது? ஜேர்மனியில் கிரிக்கெட் இன்று இந்தளவுக்கு வளர்ந்திருப்பதற்கு அப்படி வந்தவர்கள் ஒரு பெரிய காரணம். எங்கள் ஊரில் பூங்காவில் டென்னிஸ் பந்தில் நாடா சுற்றி ஆடிக்கொண்டிருந்த நாலு பெடியள்தான் எங்கள் முதல் பந்துவீச்சுப் பயிற்சியாளர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குப் பஷ்தூ தெரியாது. இரண்டு பக்கமும் பேசிய அரைகுறை ஜேர்மனில்தான் அவர்கள் யோர்க்கர், அதாவது காலடியில் விழும் பந்து, சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் பிள்ளைகள் ஏறினால் கண்ணாடியில் பார்த்து மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டுவாராம்.

புள்ளி எழுதும் அம்மாக்களுக்குத் தனி நன்றி. அதில் ஒருவர் ஜேர்மன்காரப் பெண். முதல்நாள் வந்து "ஒரு ஓவருக்கு ஏன் ஆறு பந்து?" என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. போன மாதம் நடுவராக நின்ற நான் ஐந்து பந்தோடு ஓவரை முடித்துவிட்டேன் என்று எல்லைக்கோட்டிலிருந்து கத்தியவரும் அவரேதான்.

2020 ஓகஸ்டில் ஜேர்மன் பெண்கள் அணித் தலைவி அனுராதா தொட்டபல்லாபூர் ஒஸ்ரியாவுக்கு எதிராக நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்த காணொளியை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியதும் இந்த அம்மாக்கள்தான். பெங்களூரிலிருந்து வந்து, இதயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டே ஆடியவர் அவர். அடுத்த வாரம் மூன்று பெண்பிள்ளைகள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு அலுவலகம் உதவி கேட்ட எங்கள் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. "ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு" என்றார்கள். 1900இல் பாரிசில் பிரித்தானியாவும் பிரான்சும் ஆடினவே என்று எழுதினேன். ஒரேயொரு ஆட்டத்தை வைத்து வாதாடியது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2023 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் 2028க்குக் கிரிக்கெட் சேர்க்கப்பட்டதும் மூன்றாவது விண்ணப்பம் போட்டோம், கிடைத்தது. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் சான்றிதழ், சங்கப் பதிவு என்று அந்தப் படிவங்களையெல்லாம் பொறுமையாக நிரப்பித் தந்த மாநகரசபை அக்காவுக்கும் நன்றி. பணம் தந்தவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள், மதிக்கிறேன். சிறுவர் மட்டைகளும் எடை குறைந்த பந்துகளும் உங்கள் காசில் வந்தவை. பெரிய ஆண்கள் ஆடும் பந்து கிட்டத்தட்ட 156 கிராமுக்குக் குறையாது, அதை ஒன்பது வயதுப் பிள்ளை பிடித்தால் அடுத்த வாரம் வராது.

மைதானப் பொறுப்பாளர் ஐயா இந்த இலையுதிர்காலத்தோடு ஓய்வுபெறுகிறார். கடைசி ஆட்டத்தன்று அந்தக் காந்தத்தடியை எங்கள் விக்கெட் காப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா, அன்றைக்கு நீங்கள் போனபிறகும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து எண்ணினார்கள். நாற்பத்தெட்டும் இருக்கிறது.

நன்றியுடன்,
பிள்ளைகள் சார்பில்,
தும்புப் பாய் சுமக்கும் பயிற்சியாளர்