வாடகைக்கு யார் வரலாம்? எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் நான் பேச எழுந்தபோது மணி எட்டரை ஆகிவிட்டது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், மைக்கையும் அணைத்துவிட்டார்கள். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதித் தருகிறேன். சென்னையில் மற்ற அடுக்குமாடிகளிலும் இந்தப் பேச்சு வரத்தான் போகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைக்கிறேன்.

வெளியே இருப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் முன்னால் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. “திருமணமான குடும்பங்களுக்கு மட்டுமே வீடு வாடகைக்கு விட வேண்டும்” என்பது ஒன்று. அதற்குப் பதிலாகச் சில இளம் உறுப்பினர்கள் கொண்டுவந்தது இன்னொன்று: வீடு விடுவதிலும் விற்பதிலும், பொது வசதிகளைப் பயன்படுத்துவதிலும், ஒருவருடைய பாலின அடையாளத்தையோ (தன்னை ஆண், பெண், திருநர் என்று எப்படி உணர்கிறார் என்பது) பாலீர்ப்பையோ (யார் மேல் காதல் வருகிறது என்பது) காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று நம் பை-லாவில், அதாவது சங்க விதிமுறைகளில், ஒரு விதி சேர்க்க வேண்டும். நான் இரண்டாவதற்கு வாக்களிக்கப் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அன்றைய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஒரு வீட்டின் எண்ணைச் சொல்லி, அங்கே குடியிருக்கும் இரண்டு பெண்களைப் பற்றிப் பேசினார். அந்த இருவரும் வாடகைக்கு இருப்பவர்கள். கூட்டத்துக்கு வர அவர்களுக்கு உரிமை இல்லை, பதில் சொல்ல வழியும் இல்லை. யாரும் அவரை நிறுத்தவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் நிறுத்தவில்லை. அதற்காக அந்தப் பெண்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள், அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வருவார்கள், நின்று பேசுவார்கள். இப்போது துணி பால்கனியிலேயே காய்கிறது.

இனி வாதங்களுக்கு வருகிறேன். அன்று அதிகம் கேட்டது, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது: “சட்டம்தான் இருக்கே, நமக்கு எதுக்குத் தனி விதி?”

சட்டம் எதுவரை வருகிறது என்று பார்ப்போம். திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் 2019-இல் நிறைவேறி, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாவது பிரிவு, வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் திருநருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. ஒரு திருநங்கையையோ திருநம்பியையோ குடியிருக்கும் இடத்திலிருந்து கட்டாயப்படுத்தி வெளியேற்றினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. சரி, அவர்களுக்காவது ஏட்டில் பாதுகாப்பு உண்டு.

தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு, அதாவது தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்களுக்கு, என்ன இருக்கிறது? 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை வாசித்த விதத்தில், வயது வந்த இருவர் சம்மதித்து உறவு கொள்வது குற்றம் இல்லை என்றானது. அது பெரிய விஷயம். ஆனால் போலீஸ் பிடிக்காது என்பது வேறு, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்ல மாட்டார் என்பது வேறு. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவில் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது, பாலீர்ப்பும் அதில் அடங்கும் என்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். ஆனால் அது முதலில் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் வீட்டுக்காரர் ஒருவர், “உங்க மாதிரி ஆளுங்களுக்கு வீடு கிடையாது” என்று நேரடியாகச் சொன்னால், இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ எடுத்துக் காட்ட, வாடகை பற்றிப் பேசும் ஒரு சட்டப் பிரிவு இன்று இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் சங்கம் வருகிறது.

சட்டம் இருக்கும் இடத்திலும் பக்கத்தில் ஒரு விதி தேவைப்படுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்கள் வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் செய்ததை நான் இப்போதும் வியப்போடு நினைக்கிறேன். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பேசினார். பால்புதுமையினர் (பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பாலோரிடமிருந்து வேறுபட்டவர்கள்) பலரைச் சந்தித்துக் கேட்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று செய்யப்படும் ‘சிகிச்சை’களைத் தடை செய்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர்களுக்கான நடத்தை விதிகளில் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு விதி சேர்த்தது. பொதுமக்களைத் துன்புறுத்தக் கூடாது என்பது காவலர்களுக்கு முன்பே தெரியாதா? தெரியும். இருந்தும் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

படித்த நீதிபதி ஒருவரே “எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்” என்று சொல்ல முடியுமானால், நாமும் சொல்லலாம். நானும் இந்த வார்த்தைகளை எல்லாம் அறுபது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்து ‘குடும்பம்’ என்ற சொல். முதல் தீர்மானத்தின் கனமே அதில்தான் இருக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது, இது உண்மை. அதைக் காட்டித்தான் ஓர் உறுப்பினர், “அவங்க குடும்பமே இல்லை” என்றார். அதற்குப் பிறகு நடந்ததையும் அவர் பார்க்க வேண்டும். 2024-இல் மத்திய அரசின் உணவுத் துறை, இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் கார்டில் ஒரே வீட்டுக்காரர்களாகக் கருதும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. அவர்கள் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடை இல்லை என்று அதே ஆண்டு நிதித் துறை தெளிவுபடுத்தியது. 2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை மீட்கக் கோரி அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில், நம் உயர் நீதிமன்றம் அந்தப் பெண் விரும்பியபடி போகலாம் என்றது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும் அதில் எழுதினார்கள். ரேஷன் கடையும் வங்கியும் உயர் நீதிமன்றமும் ஏற்பதை, நம் கேட்டில் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?

‘குடும்பங்களுக்கு மட்டும்’ என்ற வார்த்தைகள் எனக்கு நன்றாகப் பழக்கம். 1991-இல் என் கணவர் எங்களை விட்டுப் போனபோது மகளுக்கு ஐந்து வயது. எனக்கு நிரந்தர வேலை இருந்தது, முன்பணமும் கையில் இருந்தது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் என்று பதினோரு வீடு பார்த்தேன். “சார் எப்ப வருவார்?” என்பதுதான் முதல் கேள்வி. சார் வரமாட்டார் என்றதும், “இப்பதான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்மா” என்பார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் என் முகத்துக்கு நேராகவே, “புருஷன் இல்லாத வீட்டுக்கு யார் யாரோ வந்து போவாங்க” என்றார். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டாவது வீட்டுப் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “காலையில ஆறு மணிக்கு மோட்டார் போடுவேன், சத்தம் வரும், பரவாயில்லையாம்மா?” அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம். முதல் தீர்மானம் நிறைவேறினால், அன்றைய நான் இன்று இந்தக் கேட்டுக்குள்ளே வர முடியாது.

என் மகள் பிறகு வேலைக்காக அமெரிக்காவின் ஹூஸ்டனில் சில வருடம் இருந்தாள். அந்த நகரத்தில் 2014 மே மாதம் ஒரு சமஉரிமை விதியை மாநகர மன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் நிறைவேற்றியது. வீடு, வேலை, கடை, உணவகம் எங்கேயும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 15 அடிப்படைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். இனம், மதம், வயது, ஊனம், கர்ப்பம், திருமணமானவரா இல்லையா என்பது எல்லாம் அதில் உண்டு, பாலீர்ப்பும் பாலின அடையாளமும் உண்டு. எதிர்த்தவர்கள் அதை மக்கள் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் வந்துவிடுவார்கள் என்ற ஒரே பேச்சு ஊரெல்லாம் ஓடியது. 2015 நவம்பர் 3 அன்று சுமார் 61 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களிக்க, விதி ரத்தானது. கழிப்பறை பயத்தில் வயதானவரும் கர்ப்பிணியும் சேர்ந்து இழந்தார்கள். நம் கூட்டத்திலும் ஜிம்மில் பெண்களுக்கான நேரத்தைப் பற்றி அதே பயத்தைக் கேட்டேன். யாராவது யாரிடமாவது தவறாக நடந்தால், அது யாராக இருந்தாலும், புகார் செய்ய நம் பை-லாவில் ஏற்கனவே வழி இருக்கிறது. புதிய விதி அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

குழந்தைகள் கெட்டுப்போவார்கள் என்றவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. நம் குழந்தைகளில் சிலரும் இப்படி இருக்கலாம். அவர்கள் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அதுதான்.

“என் வீடு, என் இஷ்டம்” என்பதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடன் வாங்கி, நகையை விற்று வாங்கிய வீடு. ஆனால் யாருக்கு விட வேண்டும் என்று புதிய விதி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பார்களா என்று தாராளமாக விசாரியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக மறுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறது. முதல் தீர்மானம்தான் வீட்டுக்காரர் கையைக் கட்டுகிறது. அந்தப் பெண்களுக்கு மனமுவந்து வீடு கொடுத்த உரிமையாளரை, காலி பண்ணச் சொல் என்று நாம் நெருக்கப் போகிறோம். அப்போது அவருடைய இஷ்டம் எங்கே போனது?

மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் கேன்களை மூன்றாம் மாடிவரை தூக்கிக்கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள் என்று ஆதரவாகச் சிலர் சொன்னார்கள். உண்மைதான், எனக்கும் தூக்கிக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கணக்கு வேண்டாம். நல்லவர்கள் என்று நிரூபித்த பிறகுதான் குடியிருக்கலாம் என்று நம்மில் யாரிடமும் கேட்கவில்லை.

செயலாளருக்கு இரண்டு கோரிக்கைகள். வரும் ஞாயிற்றுக்கிழமை சிறப்புப் பொதுக்குழுவில் இந்தத் தீர்மானங்களை முதல் அலுவலாக வையுங்கள், எட்டரை மணிக்குத் தள்ளாதீர்கள். வாக்கெடுப்பைச் சீட்டில் நடத்துங்கள், கை தூக்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தலைவருக்கு ஒரே கோரிக்கை: அன்று யாராவது ஒரு வீட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நீங்கள் நிறுத்தாவிட்டால் இந்த முறை நான் எழுந்து நிறுத்துவேன்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் பதினாறு வருடமாகக் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்